பழைய வீடியோ கேமைத் திட்டித் தீர்க்கும் எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

மோசமான பழைய வீடியோ கேம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைக் கோபமும் கேலியுமாகத் திட்டித் தீர்க்கும் இணையத் தொடர்களுக்கு விமர்சனம் எழுத விரும்பும் பினாங்குத் தமிழ் இளையோர் சிலர், தாங்கள் எழுதியதை என்னிடம் காட்டுவதுண்டு. அவர்களுடைய ஆர்வத்திலும் உழைப்பிலும் குறை சொல்ல எதுவும் இருப்பதில்லை. ஆனால் பெரும்பாலான பக்கங்களில் அந்தக் கேம் எவ்வளவு மோசமானது என்பதே மறுபடியும் சொல்லப்பட்டிருக்கும். இடையிடையே எபிசோடில் வந்த நகைச்சுவைகள் அப்படியே எடுத்து எழுதப்பட்டிருக்கும். கடைசியில் பத்துக்கு எட்டு என்று ஒரு மதிப்பெண் இருக்கும். கேம் மோசம் என்பதை எபிசோடே சொல்லிவிட்டது. அதைத் திரும்பச் சொல்ல விமர்சகர் தேவையில்லை. சிரிப்புக்கான காரணம் அந்தக் கேமுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது நடிப்பவரின் உரத்த குரலில் மட்டும்தான் இருக்கிறதா என்பதைக் கண்டறிந்து, சான்றோடு சொல்வதே விமர்சகரின் வேலை என்று நான் கருதுகிறேன். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காகத்தான்.

உதாரணங்களை ஒரே தொடரிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஜேம்ஸ் ரோல்ஃப் என்னும் அமெரிக்கர் உருவாக்கி நடிக்கும் 'ஆங்கிரி வீடியோ கேம் நெர்ட்' இந்த வகைக்கு வழிகாட்டிய தொடர்களில் முதன்மையானது. நண்பர்களிடம் காட்டுவதற்காக 2004-இல் அவர் எடுத்த சிறு வீடியோவில் தொடங்கிய அது, 2006-இல் யூடியூபில் ஏற்றப்பட்ட பிறகே பரவலாக அறியப்பட்டது. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனாக்கள், மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் ஒரு பீர் பாட்டில் என்று அமைந்த அந்தப் பாத்திரத்தை இந்தத் துறையில் ஆர்வமுள்ள எவரும் பார்த்திருப்பார்கள். அவர் முதலில் எடுத்துக்கொண்டது கொனாமி நிறுவனத்தின் 'காசில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட்'. அடுத்தது 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்'. இரண்டும் நின்டென்டோவின் எட்டு பிட் கருவிக்கு வந்தவை. இந்த இரண்டையும் வைத்தே பெரும்பாலானவற்றை விளக்கிவிடலாம்.

எபிசோடை முதன்முறை பார்க்கும்போது கையில் தாளும் பேனாவும் வேண்டாம். நிறுத்தாமல், பின்னோக்கி ஓட்டாமல், சிரிப்பு வரும் இடத்தில் சிரித்துவிட்டுப் பார்த்து முடிக்க வேண்டும். நகைச்சுவையின் வேலை முதல் பார்வையில்தான் நடக்கிறது; குறிப்பெடுத்துக்கொண்டே பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது, வராத சிரிப்பைப் பற்றி அவர் நேர்மையாக எழுதவும் முடியாது. முடிந்தவுடன், நினைவில் நின்ற இடங்களை மட்டும் எழுதிவைக்கலாம். மறுநாள் இரண்டாவது முறை பார்க்கும்போது நிமிடம், விநாடியோடு குறிப்பு எடுக்கலாம்: எங்கே கேம் காட்சி மட்டும் ஓடுகிறது, எங்கே அவர் முகம் வருகிறது, எங்கே கேமை விட்டு விலகித் தனியாக ஒரு குறுநாடகம் தொடங்குகிறது, அது எவ்வளவு நேரம் நீள்கிறது. இந்த மூன்றும் கலந்திருக்கும் விகிதம் எபிசோடைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

அடுத்த வேலையைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். அந்தக் கேமை நாமே விளையாடிப் பார்க்க வேண்டும். முழுவதும் முடிக்க வேண்டிய கட்டாயமில்லை; எபிசோடில் திட்டப்படும் இடங்கள் வரையிலாவது போக வேண்டும். 'சைமன்ஸ் குவெஸ்ட்' இன்று சட்டபூர்வமாகவே எளிதில் கிடைக்கிறது. கொனாமி 2019-இல் வெளியிட்ட காசில்வேனியா ஆண்டுவிழாத் தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. பழைய கருவியிலேயே விளையாடிப் பார்க்க விரும்புபவர்கள், ஜார்ஜ் டவுனின் லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும் பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையிலும் பழைய பொருட்கள் பரப்பியிருக்கும் மேசைகளைப் பொறுமையாகப் பார்த்துவரலாம்.

பழைய கருவியைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் மலேசியாவில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்தது அமெரிக்காவில் விற்ற நின்டென்டோ கருவி அன்று. தைவானில் தயாரான மைக்ரோ ஜீனியஸ் போன்ற கருவிகள்தாம். அவை நின்டென்டோ கருவியின் ஜப்பானிய வடிவமான ஃபாமிகாமைப் பின்பற்றி, 60 இணைப்பு ஊசிகள் கொண்ட காட்ரிட்ஜை (கேம் அடங்கிய சிறு பெட்டியை) ஏற்பவை. அமெரிக்க காட்ரிட்ஜுக்கு 72 ஊசி. ஒரே காட்ரிட்ஜில் பல கேம்கள் என்று அட்டையில் பெரிய எண்ணைப் போட்டு, ஒரே கேமை வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்பப் பட்டியலிட்ட காட்ரிட்ஜ்களும் அவற்றோடு வந்தன. மேலும், அந்தக் கால மலேசியத் தொலைக்காட்சிகள் விநாடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும் பால் (PAL) ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அது 60. அறுபதுக்கென்று எழுதப்பட்ட கேமை மாற்றம் செய்யாமல் ஐம்பதில் ஓட்டினால், அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், இசையும் இழுபடும். ஆகவே, "எபிசோடில் காட்டியதைவிட இந்தக் கேம் இன்னும் மந்தமாக இருக்கிறது" என்று எழுதுவதற்கு முன்பு, எந்தக் கருவியில் எந்தத் திரையில் விளையாடினோம் என்பதைச் சரிபார்க்க வேண்டும். அதை விமர்சனத்தில் ஒரு வரியில் குறிப்பிடவும் வேண்டும்.

விளையாடும்போது எபிசோடில் திட்டப்பட்ட இடத்தைத் தேடிப் போய், அது நம் கைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'சைமன்ஸ் குவெஸ்டில்' பகல் முடிந்து இரவு தொடங்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்டம் உறைந்துவிடுகிறது. திரையின் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி தோன்றுகிறது. சாபம் சுமப்பவனுக்கு இது எவ்வளவு கொடிய இரவு என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுத்து எழுத்தாக அதில் அடிக்கப்படுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது விரைவதில்லை. முதன்முறை அது அச்சமும் அழகுமாக இருக்கிறது. இசை மாறுகிறது, எதிரிகளை வீழ்த்தக் கூடுதல் அடி தேவைப்படுகிறது, ஊருக்குள் போனால் மக்களுக்குப் பதிலாகப் பிணங்கள் உலாவுகின்றன, கடைகளும் வீடுகளும் அடைத்துக்கிடக்கின்றன. பொருள் வாங்க வந்தவர் விடியும்வரை காத்திருக்க வேண்டும். விடியும்போது மீண்டும் அதே பெட்டி, அதே வேகத்தில் வருகிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு, குதித்து ஒரு திட்டைப் பிடிக்கப்போகும் நேரத்தில் அந்தப் பெட்டி வந்து நிற்கும்போது, நம் விரல்கள் தாமாகவே பொத்தானைக் குத்தத் தொடங்கிவிடும். எபிசோடில் அவர் காட்டும் எரிச்சல் அப்போது நம் கையிலேயே இருக்கும். அந்த அனுபவம் இல்லாமல் "அவர் மிகைப்படுத்துகிறார்" என்றோ "அவர் சொல்வது முழு உண்மை" என்றோ எழுத முடியாது. கூடவே, பகலும் இரவும் மாறுவது அந்தக் காலத்துக்கு எவ்வளவு துணிச்சலான எண்ணம் என்பதும் விளையாடியவருக்குத்தான் தெரியும். எபிசோட் அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதையும் விமர்சகர் கேட்கலாம்.

இதே கேமில் இன்னோர் இடம், டெபோரா குன்று. மேற்கொண்டு வழியில்லாத அந்தக் குன்றின் ஓரத்தில் சிவப்புப் படிகத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, சில விநாடிகள் அசையாமல் மண்டியிட்டிருக்க வேண்டும். அப்போது ஒரு சூறாவளி வந்து கதாநாயகனைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த பகுதியில் இறக்கும். இதை எவரும் தாமாகக் கண்டுபிடிக்க முடியாது என்பது எபிசோடின் குற்றச்சாட்டு. ஊர்மக்களில் சிலர் சொல்லும் குறிப்புகள் வேண்டுமென்றே பொய்யாக வைக்கப்பட்டவை. மெய்யான குறிப்புகளும் ஆங்கிலத்துக்கு வந்தபோது குழம்பிப்போயின. ஆகவே குற்றச்சாட்டில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் கேம் வட அமெரிக்காவில் வெளியான அதே 1988-இல், நின்டென்டோவின் சொந்த இதழ் அதை அட்டைப்படமாகவே போட்டு வழிகாட்டிக் கட்டுரையும் வெளியிட்டிருந்தது. இதழ் வாங்கிய சிறுவருக்கும் வாங்காத சிறுவருக்கும் இது இரண்டு வெவ்வேறு கேம்களாக இருந்திருக்கும். எபிசோட் தன்னை அந்த இரண்டாவது சிறுவரின் இடத்தில் நிறுத்திக்கொள்கிறது. வழிகாட்டி இதழ்களைக் கண்ணால்கூடக் காணாமல் வளர்ந்த நம்மில் பலருக்கு அந்தக் கோபம் எளிதில் புரியும். இப்படி ஒரு விவரத்தைச் சேர்த்துவிட்டால், விமர்சனம் எபிசோடுக்கு ஆமாம் போடுவதோடு நிற்காது.

இனி நகைச்சுவையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு வருவோம். இதற்கு நம்மிடமே நல்ல கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் சொல்கிறது. எள்ளல் என்பது இகழ்ந்து கேலிசெய்வது. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பதை, கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்வது என்று இங்கே எடுத்துக்கொள்கிறேன். எபிசோடில் வரும் ஒவ்வொரு சிரிப்பையும் இந்த நான்கில் எதில் வைக்கலாம் என்று குறித்துப் பார்த்தால், அதன் வேலைப்பாடு தெளிவாகத் தெரியத் தொடங்கும். ஊர்மக்களின் பொய்க் குறிப்பை நம்பிப் போய் ஏமாறும் ஆட்டக்காரரைக் காட்டும்போது சிரிப்பு மடனிலிருந்து வருகிறது. பகலிரவுப் பெட்டியை யாரும் விளையாடிப் பார்க்காமலே விற்பனைக்கு அனுப்பியதுபோன்ற தயாரிப்பாளரின் அசட்டையைக் காட்டும்போது அது பேதைமை. வளர்ந்த ஆண் ஒருவர் சிறுவயது பொம்மைக்காகத் தலையிலடித்துக்கொள்வது இளமை. கேமை வசைபாடுவது எள்ளல். நான் பார்த்தவரை, பலவீனமான எபிசோடுகளில் எள்ளல் ஒன்றே தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். மற்ற மூன்றும் வறண்டுபோயிருக்கும். வலுவான எபிசோடுகளில் மடனும் பேதைமையும் முன்னே வந்து, எள்ளல் அவற்றின் விளைவாகக் கடைசியில் வரும்.

அதே இயல், வெகுளி, அதாவது கோபம், பிறக்கும் இடங்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கைச் சொல்கிறது. உடலுறுப்பை அறுத்தல், குடும்பத்துக்குக் கேடு செய்தல், அடித்து அலைக்கழித்தல், கொல்ல முனைதல் என எல்லாமே பெரிய காரணங்கள். திரையில் ஒரு வாக்கியம் மெதுவாக அடிக்கப்படுவது இவற்றில் எதிலும் சேராது. அலைக்கழிப்பை மட்டும் சற்று இழுத்துப் பொருத்தலாம். இவ்வளவு சிறிய காரணத்துக்கு அவ்வளவு பெரிய வெகுளி எழும்போது, அந்த வெகுளியே நகையாகிவிடுகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு இது புதிதன்று. செந்தில் அப்பாவியாக நின்று ஒரே பதிலைத் திரும்பச் சொல்லச் சொல்ல, கவுண்டமணியின் கோபம் படிப்படியாக ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்த எபிசோடுகளில் செந்திலின் இடத்தில் இருப்பது கேம். அது பதில் பேசாது, அசையாது, அடுத்த விடியலில் அதே பெட்டியை அதே வேகத்தில் மீண்டும் காட்டும். ஆகவே விமர்சகர் கவனிக்க வேண்டியது கோபத்தின் அளவை அன்று, ஏறும் படிகளை. முதல் நிமிடத்திலேயே உச்சக்குரலில் தொடங்கிவிட்டால், மேலே ஏறப் படியே இருக்காது. கேமின் அசைவின்மையைக் காட்ட எபிசோட் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சிரிப்பில் பாதி அந்த அமைதியில் இருக்கிறது.

'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' பற்றிய எபிசோடுகள் இதற்கு இன்னும் நல்ல பாடம். இந்தக் கேம் 1988-இல் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு பாண்டாய் நிறுவனத்தின் பெயரில் அமெரிக்காவிலும் வெளியானது. டாக்டர் ஜெக்கில் தம் திருமணத்துக்காகத் தேவாலயத்தை நோக்கி இடமிருந்து வலமாக நடந்துபோகிறார். வழியில் வருவோர் போவோர், நாய், பூனை, பாட்டுப்பாடும் பெண், குண்டு வைப்பவன் என எல்லாருமே அவரைத் தொல்லைப்படுத்துகிறார்கள். கையிலுள்ள தடியால் அவர்களில் பெரும்பாலோரை ஒன்றும் செய்ய முடியாது. மனஅழுத்தம் ஏறி முடிந்ததும் அவர் ஹைடாக மாறிவிடுகிறார். அப்போது உலகமே இருண்டு, திரை வலமிருந்து இடமாகத் தானே நகரத் தொடங்குகிறது. அரக்கர்களைக் கொன்றால் மீண்டும் ஜெக்கிலாகலாம். ஜெக்கில் எட்டியிருந்த அதே இடத்தை ஹைடும் எட்டிவிட்டால், மின்னல் தாக்கி ஆட்டம் முடிந்துவிடும்.

2004-இல் ரோல்ஃப் இந்தக் கேமைக் கொடூரமானது என்று ஒரேயடியாகத் தள்ளினார். 2010-இல் அதே கேமுக்கு மீண்டும் வந்து முழு எபிசோட் ஒன்றை எடுத்தார். அதில் அதன் இரட்டை உலகம் எப்படி இயங்குகிறது, நன்மையும் தீமையும் ஒரே ஆளுக்குள் போட்டியிடும் எண்ணத்தை அந்த விதிகள் எப்படிச் சுமக்கின்றன என்பதைப் பொறுமையாக ஆராய்கிறார். கேம் ஓர் எழுத்துகூட மாறவில்லை. விளையாடுவதற்கு அது இன்னமும் வேதனைதான். ஆனாலும் நகைச்சுவை வேறாகிவிட்டது. முதல் எபிசோடில் கேமின் விதி புரியாததால் சிரிப்பு வருகிறது. பின்னதில் விதி புரிந்த பிறகும் கேம் மோசமாகவே இருக்கிறது என்பதால் சிரிப்பும் ஒருவகை மரியாதையும் சேர்ந்து வருகின்றன. எனக்குப் பின்னதுதான் உயர்ந்த படைப்பு. விமர்சனம் கற்றுக்கொள்பவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிப் பழகினால், அறியாமையிலிருந்து வரும் கேலிக்கும் அறிவிலிருந்து வரும் கேலிக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கள் கண்ணாலேயே காண்பார்கள். மின்னல் ஏன் விழுகிறது என்பதை எபிசோட் தன் பார்வையாளருக்குச் சொல்கிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்வியை வைத்தே இந்தக் கேமைப் பற்றி எவர் எடுத்த எபிசோடையும் எடைபோட்டுவிடலாம்.

எபிசோடில் சொல்லப்படும் வரலாற்றுத் தகவல்களையும் சரிபார்க்க வேண்டும். கேலியில் மிகை இருக்கலாம், ஆனால் தகவலில் பிழை இருக்கக்கூடாது. ரோல்ஃபின் பாத்திரத்துக்கு மிகப் பிடிக்காத பெயர் எல்ஜேஎன். திரைப்படங்களைத் தழுவி அந்தப் பெயரில் வெளியான கேம்கள் பலவற்றையும் அவர் திட்டித் தீர்த்திருக்கிறார். ஆனால் எல்ஜேஎன் பொம்மைகள் விற்ற நிறுவனம். கேம்களை வெளியிட்டதேயன்றி எழுதியதில்லை. 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' கேமை உருவாக்கியது ஜப்பானின் அட்லஸ். 'பேக் டு த ஃபியூச்சர்' ஆஸ்திரேலியாவின் பீம் சாஃப்ட்வேர் செய்தது. 'ரோஜர் ராபிட்' கேமைச் செய்தது, பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பிரிட்டனின் ரேர். ஒரு பெயரைத் தொடர்ந்து திட்டுவது நகைச்சுவைக்கு நல்ல ஆணி. எங்கே அடித்தாலும் பார்வையாளர் சிரிப்பார். ஆனால் விமர்சகர் அந்தப் பெயரையே குற்றவாளியாக ஏற்று எழுதிவிட்டால், கேலிக்குரிய வசதி வரலாறாக மாறிவிடும்.

அட்டாரி 2600 கருவிக்கு வந்த 'ஈ.டி.' கேமைப் பற்றிய எபிசோடுகளுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே நிரலாளர் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் எழுதிமுடித்த கேம் அது. விற்காத சரக்கை அட்டாரி 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது ஈ.டி. மட்டுமல்லாமல் வேறு பல கேம்களின் காட்ரிட்ஜ்களும் வெளிவந்தன. அமெரிக்க வீடியோ கேம் தொழிலையே இந்த ஒரு கேம் வீழ்த்தியது என்று ஒரு தொடர் சொன்னால், அது வசதியான கதை என்பதை விமர்சகர் சொல்ல வேண்டும். அளவுக்கு மிஞ்சிய தயாரிப்பும், கடைகளில் குவிந்த தரமற்ற கேம்களும், மலிவாகிக்கொண்டிருந்த வீட்டுக் கணினிகளும் சேர்ந்தே அந்தச் சரிவைக் கொண்டுவந்தன. ஐந்து வாரத்தில் ஒருவர் தனியாக எழுதியது என்ற தகவலைச் சொல்லிவிட்டுக் கேலி செய்யும் எபிசோடையும், அதை மறைத்துவிட்டுக் கேலி செய்யும் எபிசோடையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன்.

ஒருமுறை இளைஞர் ஒருவர், "அண்ணே, இந்தக் கருவியெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னாலேயே வந்தது. நான் எப்படி இதைப் பற்றி எழுதுவது?" என்று கேட்டார். அது குறையன்று, பலம் என்பதே என் பதில். சிறுவயது நினைவுகள் உள்ளவர், எபிசோடில் அந்தக் காட்ரிட்ஜின் படத்தைப் பார்த்ததுமே பாதி சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பை எபிசோட் ஈட்டியதாகச் சொல்ல முடியாது. எந்த நினைவும் இல்லாதவருக்குச் சிரிப்பு வருகிறதென்றால், எபிசோட் கேமின் குறையை அவருக்குப் புரியும்படி காட்டியிருக்கிறது என்று பொருள். ஆகவே இளைய விமர்சகர், தமக்கு எங்கே புரியாமல் போயிற்று என்பதை வெளிப்படையாக எழுதலாம். மூத்தவர்களுக்குத் தெரியாத ஒரு செய்தியை அது தரும்.

நடிப்பவரையும் பாத்திரத்தையும் பிரித்து எழுத வேண்டும். கோபப்படுவது பாத்திரம்; வசனமும் படப்பிடிப்பும் படத்தொகுப்பும் திட்டமிட்டுச் செய்தவை. "ஜேம்ஸ் ரோல்ஃப் இந்தக் கேமை வெறுக்கிறார்" என்று எழுதுவதைவிட, "பாத்திரம் வெறுக்கிறது" என்று எழுதுவதே சரி. பழைய கேம்கள்மீது ஆழ்ந்த பற்று இல்லாத ஒருவர் இவ்வளவு ஆண்டுகள் அவற்றைச் சேகரித்து விளையாடியிருக்க முடியாது. அந்தப் பற்று வசைக்கு நடுவே எட்டிப்பார்க்கும் இடங்களைக் கவனித்துச் சொல்லுங்கள்.

வசையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தொடரின் மொழி மிகக் கொச்சையானது. கழிப்பறை உவமைகள் நிறைந்தது. அதைத் தமிழில் அப்படியே எழுதத் தேவையில்லை. தமிழில் எழுதும்போது அது மூலத்தைவிடக் கடுமையாக ஒலிப்பதும் உண்டு. கொச்சைச் சொற்கள் மிகுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்று தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். நம் வீடுகளில் அண்ணன் பார்ப்பதைத் தம்பி தங்கையும் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால், அந்த வரியை நான் கட்டாயமாகக் கருதுகிறேன். பிறகு, வசை எங்கே வேலை செய்கிறது, எங்கே வேறு எதுவும் தோன்றாததால் இட்டு நிரப்பப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

எழுத அமரும்போது, எபிசோடின் நகைச்சுவைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து விரிவாகச் சொல்லுங்கள். ஐந்தாறை எடுத்துச் சொன்னால் பார்க்கப்போகிறவரின் சிரிப்பை நீங்களே பறித்துக்கொள்கிறீர்கள். அந்த ஒன்றையும் வசனமாகச் சொல்லாமல், அமைப்பாகச் சொல்ல வேண்டும். "இரவு வரும் காட்சியில் அவர் திட்டுவது மிகவும் நகைச்சுவையாக இருக்கிறது" என்ற வாக்கியத்தில் எந்தச் செய்தியும் இல்லை. "அந்தப் பெட்டியை நமக்கும் முழு நீளத்துக்குக் காட்டி, காத்திருக்க வைத்து, நமக்கே பொறுமை போகும் நேரத்தில்தான் அவர் வாய்திறக்கிறார்" என்று எழுதினால், எபிசோட் எப்படிச் செய்யப்பட்டது என்பது வாசகருக்கு விளங்கும். முதல் பத்தியில் கேமின் பெயரும் அது வந்த ஆண்டும் கருவியும், எபிசோடின் பெயரும் அது வந்த ஆண்டும் இருக்க வேண்டும். 'சைமன்ஸ் குவெஸ்ட்' போன்றவற்றுக்கு ஜப்பானில் 1987, வட அமெரிக்காவில் 1988 என்று இரண்டு ஆண்டுகளையும் கொடுப்பது நல்லது. ஜப்பானில் அது டிஸ்கில் வந்ததால் ஆட்டத்தைச் சேமிக்க முடிந்தது, அமெரிக்க காட்ரிட்ஜில் நீண்ட பாஸ்வேர்டை எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு எபிசோடின் கோபத்துக்கே ஒரு விளக்கம்.

மதிப்பெண் கொடுக்க வேண்டுமென்றால், எபிசோடுக்கு மட்டும் கொடுங்கள். கேமுக்கும் சேர்த்துக் கொடுத்தால் எந்த எண் எதற்கு என்று வாசகர் குழம்புவார். என்னைக் கேட்டால் மதிப்பெண்ணே வேண்டாம்.

விமர்சனத்தோடு படங்களைச் சேர்க்கும்போது சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் திறனாய்வுக்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. பொதுவில் வெளியிடும்போது அந்தப் படைப்பின் பெயரையும் படைப்பாளியையும் குறிப்பிட வேண்டும் என்று நிபந்தனையும் வைக்கிறது. எபிசோடிலிருந்து எடுக்கும் ஒரு படத்தில் இரண்டு படைப்புகள் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. அவர் முகம் மட்டும் இருந்தால் தொடரின் பெயரும் ரோல்ஃபின் பெயரும் போதும். திரையில் கேம் ஓடிக்கொண்டிருக்கும் படமென்றால், கேமின் பெயரையும் அதை உருவாக்கிய நிறுவனத்தையும் சேர்த்து எழுத வேண்டும். நீங்களே விளையாடி எடுத்த படத்தைப் போடுவதாக இருந்தால், அது எபிசோடில் வந்த காட்சி என்று வாசகர் நினைத்துவிடாதபடி, எந்தக் கருவியில் எடுத்தது என்பதைப் படத்தின் கீழேயே குறிப்பிட்டுவிடுங்கள்.